ஆடியில் வாங்காத பைண்டிங்

என் கணவர் எதையும் ஆராய்ச்சி செய்யாமல் வாங்க மாட்டார். இந்த வெளிநாட்டில், ரோவில் என்கிற புறநகரில் வீடு வாங்கியதைவிட மிக்ஸி வாங்கத்தான் எங்களுக்கு அதிக நாள் ஆனது. நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு ஒரு நாள், பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றார். அதிலும் எல்லோரும் சறுக்குவது போல இல்லை, டெலிமார்க்தான் வேண்டுமாம். வழக்கமான சறுக்கலில் பூட்ஸ் முன்னும் பின்னும் ஸ்கீ என்கிற சறுக்குப் பலகையோடு இறுகிவிடும். டெலிமார்க்கில் விரல் பக்கம் மட்டும்தான் பிடிப்பு, குதிகால் எழும்பும். திரும்புவதற்கு ஒரு காலை முன்னால் விட்டு, மற்ற காலைப் பின்னால் மடக்கி, கிட்டத்தட்ட மண்டியிட வேண்டும். இந்த வயதில் இது தேவையா என்று சிரித்தேன். பிறகு, தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் சேர்ந்துகொண்டேன்.

பூட்ஸை ஸ்கீயில் பிடித்து வைப்பது பைண்டிங். அதில் இளகிய ஸ்பிரிங் உண்டு, இறுக்கமான ஸ்பிரிங் உண்டு, விழுந்தால் தானே கழன்றுகொள்கிற வகையும் உண்டு. சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே இல்லை. ரசம் ஆறிப்போகும், அவர் ஸ்பிரிங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

எதை வாங்குவது என்று முடிவு செய்வதற்குள் ஆடி பிறந்துவிட்டது. நான் சாமி கும்பிடுவதைக் கேலி செய்கிற மனிதர், ஆடியில் மட்டும் புதிதாக எதுவும் வாங்க மாட்டார். கேட்டால், பழகிவிட்டது, விடு என்பார். ஊரில் காற்றடிக்கிற அந்த மாதத்தில்தான், பூமியின் தென்பாதியில் இருக்கும் இங்கே குளிர்காலம், பனி கொட்டுகிறது. காத்திருந்தால் சீசன் போய்விடும் என்பதால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஆடி முழுக்க வாடகைக்கு எடுப்பது, ஒவ்வொரு சனிக்கிழமையும் வேறொரு பைண்டிங்கைப் போட்டுப் பார்ப்பது, ஆவணி பிறந்ததும் பிடித்ததை வாங்குவது. வாடகைக்கு ஆடி குறுக்கே வராதாம்.

முதல் வாரம் இளகிய ஸ்பிரிங். வலது பக்கம் அழகாகத் திரும்பினார். இடது பக்கம் திரும்பும்போது விழுந்தார். இடது பக்கம் திரும்பினால் இடது கால்தான் பின்னால் மடங்கி, முன்பாதத்தால் ஊன்ற வேண்டும். அந்தப் பாதம் ஊன்றவே இல்லை. ஸ்பிரிங்குக்கு வலு போதாது என்றார். அடுத்த வாரம் இறுக்கமானதைப் போட்டார், அதே பக்கம் விழுந்தார். இது ரொம்ப இறுக்கம் என்றார். வாரத்துக்கு ஒரு பைண்டிங் மாறியது, குறை சொல்ல வாரத்துக்கு ஒன்று புதிதாகக் கிடைத்தது. அதற்குள் எனக்கு இரண்டு பக்கமும் திரும்ப வந்துவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

ஆடியின் கடைசிச் சனிக்கிழமை இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டு எரிச்சலாகி, இரண்டு ஸ்கீயையும் கால் மாற்றிப் போடச் சொன்னேன். மாற்றிப் போட்டார். வலது பக்கம் திரும்பினார். இடது பக்கம் விழுந்தார்.

"பைண்டிங் நல்லாத்தான் இருக்கு, உங்க காலுதான் சரியில்ல" என்றேன்.

பனியில் உட்கார்ந்தபடியே சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆவணியில் கடைக்குப் போகவில்லை. வீட்டுக்குள் நடக்கும்போதே இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்க ஆரம்பித்திருந்தது. குடும்ப மருத்துவர் நரம்பு மருத்துவரிடம் அனுப்பினார். பரிசோதனை மேல் பரிசோதனை. பனியெல்லாம் உருகி முடிந்த பிறகுதான் நோயின் பெயரைச் சொன்னார்கள். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துகொண்டே போகும், நிறுத்த மருந்தில்லை என்றார்கள். முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டார் மருத்துவர். எங்கள் இருவருக்கும் பைண்டிங்குகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. ஆடி என்று பார்க்காமல் ஒன்றை வாங்கியிருந்தால் இரண்டாவது வாரமே காலைச் சந்தேகப்பட்டிருப்போமே என்று எனக்கு ஆற்றாமை. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்றார் மருத்துவர். காரில் திரும்பும்போது, அதை நினைத்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

அடுத்த வாரம் கைத்தடியை எடுத்துக்கொண்டு, "வா, பைண்டிங் வாங்கிட்டு வருவோம்" என்றார்.

இனி முடியாது என்பதை எந்த வாயால் சொல்வது? காரை எடுத்தேன். கடையில் அவரை உட்காரவைத்ததும், பைண்டிங் அவருக்கு இல்லை, எனக்குத்தான் என்றார். அடுத்த வருடம் நான் மலைக்குப் போக வேண்டுமாம், நான் திரும்புவது அவருக்குப் பிடிக்குமாம். நீங்கள் இல்லாமல் நான் அந்தப் பக்கமே போக மாட்டேன் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. கடைக்காரர் கொண்டுவந்து வைத்தவற்றை மடியில் வைத்து, ஒவ்வொன்றின் ஸ்பிரிங்கையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். இடது கைக்கு அழுத்தம் வரவில்லை. வலது கைக்கு மாற்றிக்கொண்டார். கையும் போகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கழன்றுகொள்கிற வகையை எடுத்து என்னிடம் நீட்டினார். எடை அதிகம் என்று ஆடி முழுக்க அவர் திட்டிக்கொண்டிருந்த வகை அது. இது எதற்கு, நான்தான் விழுவதில்லையே என்றேன்.

"விழுந்தா இது கழண்டுரும், கால் முறியாது. உனக்குக் கால் முறிஞ்சா என்னை யாரு தூக்குவா?"

தூக்குவது என்ற பேச்சை அதுவரை நாங்கள் இருவருமே எடுத்ததில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு செய்துவிட்டீர்களா என்று கடைக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். என் பூட்ஸின் அளவைக் கேட்டார், சொன்னேன்.