கோயில் துருத்தி

கள்ளக்குறிச்சி செருப்புக்கடைகள் பக்கம் போகும்போது தோல் வாசனை வந்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. திருக்கோவிலூர்ப் பக்கம் எங்கள் ஊரில், இப்போது இடித்துவிட்ட பழைய மாதாகோயிலில், வெள்ளைக்காரப் பாதிரியார் காலத்தில் கப்பலில் வந்த குழாய் ஆர்கனுக்குப் பின்னால் இதே வாசனை அடிக்கும். அங்கே மரத் தடுப்புக்குள் நின்றபடி ஞாயிறுதோறும் அப்பா வேர்க்க வேர்க்கத் தோல் துருத்தியை ஏற்றி இறக்கிக் காற்றடிப்பார், முன்னால் உட்கார்ந்து வாசிப்பவரைத்தான் ஊரே பார்க்கும், காலனிக்காரர்களான நாங்கள் கடைசியில் பாயில் உட்கார்ந்து, பாட்டுக்கு நடுவே துருத்தி கிறீச்சிடுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்த வருஷம், எங்கள் தெருவுக்கு யாரோ தீ வைத்தார்கள். சட்டிபானையோடு கோயிலுக்கு ஓடினோம். கோயில் நிர்வாகம் பார்த்த பெரியவர் வாசலை மறித்துக்கொண்டார்.

"உள்ள தங்கினா அடுப்புப் புகையில ஆர்கன் பாழாயிடும். வராண்டாவுல இருந்துக்கோங்க."

அந்த ஞாயிறு பூசையில் ஆர்கன் ஒலிக்கவில்லை. பெரியவர் வெளியே ஓடிவந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாப்பா, உள்ள எல்லாரும் உக்காந்துக்கினு இருக்காங்க, நீ இங்க இன்னா பண்ற?"

அப்பா ஊதாங்குழலை வாயிலிருந்து எடுத்தார். "அடுப்பு ஊதிக்கினு இருக்கேங்க. புள்ளைங்க பசின்னு அழுவுது."

மறுபடி குனிந்து ஊத ஆரம்பித்தார்.

அடுத்த மாதமே துருத்திக்கு மோட்டார் வந்தது. நாங்கள் அப்போதும் வராண்டாவில்தான் இருந்தோம்.