அறைகளுக்கும் அருவிக்கும் நடுவே

நான் வைக்காத இடைவெளி இது.

யமுனா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். நம்புகிறவர்கள் நம்பட்டும், போன ஆடியில், கொல்லிமலை அரியூர் நாட்டில், பட்டப்பகலில் நடந்தது இது.

பூபதியின் புது விடுதிக்கு இணையதளம் செய்து தர அங்கேயே தங்கியிருந்தாள். முகப்பு, அறைகள், அருவி, தொடர்பு... மெனுவின் நான்கு சொற்களையும், தளத்தின் வடிவத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ஃபிளெக்ஸ் கட்டளை போட்டுச் சம இடைவெளியில் நிறுத்தியிருந்தாள். பின்னணிக்கு, ஒரு நிறம் இன்னொன்றில் கரையும் கிரேடியன்ட். எப்போதும்போல, இடத்தின் புகைப்படத்திலிருந்தே நிறம் எடுத்தாள். மேலே மிளகுக்கொடிப் பச்சை. அடியில் செம்மண், பத்தே சதவீதம்.

மணி 3.10. அறைகளுக்கும் அருவிக்கும் நடுவே மட்டும் இடைவெளி அகன்றிருந்தது. ஒரு பெயர் நிற்கும் அளவு. சிஎஸ்எஸ் வரிகளில் பிழை இல்லை.

3.14. ரெஃப்ரெஷ் செய்தாள். செம்மண் பாதி மெனுவுக்கு ஏறியிருந்தது. கோப்பில் பத்து சதவீதம்தான்...

நடுவில் எழுத்துகள் தெரிந்தன. மாராயி காடு.

டீ கொண்டுவந்த சமையல்காரி கண்ணாயி திரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏனுங்க... எங்கம்மா பேரை எதுக்குங்க போட்டீங்க?"

"உங்கம்மாவா?"

"இந்த விடுதி நிக்கற எடம் அவங்க காடுங்க. இங்க காட்டுக்கு ஆளு பேருதான். எழுதிக் குடுத்துட்டுத் திருப்பூருக்குப் போயிட்டாங்கன்னு முதலாளி சொன்னாரு. ரெண்டு வருசமா போனே இல்லீங்க. கோழி முட்டை வெச்சாக்கூடப் போன் பண்ற ஆளுங்க."

யமுனா பெயரின் மேல் அழுத்தினாள்.

மூன்றாம் அறையின் சிமெண்ட் தரை. அப்படியொரு படத்தை அவள் எடுக்கவே இல்லை.

3.20. செம்மண் எல்லாச் சொற்களையும் மூடியது. அந்தப் பெயரை மட்டும் விட்டு...

போன் அடித்தது. நாமக்கல்லிலிருந்து பூபதி.

"அந்தப் பேரை... எடுத்துரு கண்ணு..." இருமல். "வாயெல்லாம் மண்ணு..."

தளம் இன்னும் இணையத்தில் ஏறவே இல்லை.

கண்ணாயி விடவில்லை. ஒரு வாரத்தில் போலீஸ் அந்தத் தரையை உடைத்தது. மாராயி அங்கே இருந்தாள். சிமெண்டின் அடிப்புறத்தில், அது இறுகுவதற்குள் விரல்கள் கீறிய தடங்கள்.

பூபதி ஆஸ்பத்திரியில், காவலில் இருக்கிறான். இருமினால் செம்மண் விழுகிறது. எங்கிருந்து வருகிறதென்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை.

நேற்று அவன் மனைவி அனுராதா வந்தாள்.

"அந்தப் பேரை அழிச்சுருங்க. அவருக்கு மூச்சு முட்டுதுங்க. கும்பிடறேன்."

இது இரக்கமில்லாத்தனமா? யமுனா தன்னையே கேட்டுப் பார்த்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை.

"மாட்டேனுங்க," என்றாள் மெதுவாக.