திரும்பி வந்த சாப்பாட்டுப் பை

எலோயிசா காந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். டெக்ஸாஸின் தென்கோடியில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் சாந்தா எல்விராவில் அவள் கையால் சாப்பிடாமல் வளர்ந்த பிள்ளை கிடையாது.

திங்களும் புதனும் காலையில் அவள் முதலில் கட்டுவது கல்லூரிப் பிள்ளைகளின் பைகளை. பன்னிரண்டாம் வகுப்பில் கெட்டிக்காரர்கள் இருபத்துமூன்று பேர். பஸ் ஏறி முப்பது மைல் தள்ளியிருக்கும் கல்லூரிக்குப் போய் ஆங்கிலம் படித்துவிட்டு வருவார்கள். பாடம் ஒன்றுதான், மதிப்பெண் மட்டும் பள்ளிக்கும் சேரும், கல்லூரிக்கும் சேரும். தேறினால் இரண்டிலும் தேறியதாகும். தவறினால் இரண்டிலும் தவறியதுதான், மே மாதம் பள்ளிப் பட்டமும் கிடையாது.

பிள்ளை எங்கே போய்ப் படித்தாலும் மதியச் சாப்பாடு பள்ளியினுடையது. ஆகவே பெயர் ஒட்டிய பை ஒன்று ஆளுக்கு, ஐஸ் பெட்டியில் அடுக்கி பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். பிரிசெல்தா காந்து என்று ஒட்டிய பையில் மட்டும் யாருக்கும் தெரியாமல் வீட்டில் சுட்ட ரொட்டியில் பீன்ஸ் வைத்து மடித்த தாக்கோ ஒன்று கூடுதலாகப் போகும். பிரிசாவைப் பெற்றவள் கட்டுகிற பை அல்லவா.

எலோயிசாவுக்கு அந்த வயதில் இப்படிப் பையும் பஸ்ஸும் வாய்க்கவில்லை. பதினோராம் வகுப்பில் வெள்ளரிக்காய் பறிக்க மிச்சிகனுக்குப் போன குடும்பம் திரும்புவதற்குள் பள்ளிக்கூடத்தில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். அதை மகளிடம் அவள் சொல்லாத நாள் கிடையாது. "நம்ம வீட்டுல பாதியில விட்டவ நான் ஒருத்தி போதும், மிஹா." சோற்றோடு சேர்த்து அதையும் ஊட்டித்தான் வளர்த்தாள். பட்டம் வாங்கப் போகிற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அவரவர் படம் போட்ட பலகை கொடுக்கும், வீட்டு வாசலில் வைக்க. பிரிசாவின் பலகை மார்ச் மாதமே வாசலில் ஏறிவிட்டது. வேலை முடிந்து வந்ததும் எலோயிசா ஈரத் துணியால் அதைத் துடைத்துவிட்டுத்தான் காபி குடிப்பாள்.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை பஸ் டிரைவர் செமாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பதிலுக்கு வந்தவன் மத்தியானம் ஐஸ் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே ஒரு பை அப்படியே கிடந்தது. பிரிசெல்தா காந்து. அந்தப் பெண் பஸ்ஸில் ஏறவில்லை என்றான்.

எலோயிசா செமாவுக்குப் போன் போட்டாள். அவன் இருமினான், மென்றான், முழுங்கினான்.

"பாப்பா வேற கார்ல போகுதுன்னு நெனச்சேன், தோன்யா. பை வீணாப் போகுதேன்னு..."

"எத்தன நாளா?"

"ஒரு ஏழு தாக்கோ இருக்கும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், இந்த மனிதன் சோற்றையே வயிற்றில் மறைத்திருக்கிறான். திட்டவும் அவளுக்கு நேரமில்லை. தலையில் மாட்டிய வலையைக்கூடக் கழற்றாமல் காரை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனாள்.

கல்லூரி அலுவலகத்துச் சன்னலுக்குப் பின்னால் இருந்தவள் சின்னப் பெண். எங்கள் பக்கத்துப் பிள்ளைதான், பெயர் மார்லேன். மகள் வகுப்புக்கு வருகிறாளா, தேறுவாளா, அதை மட்டும் சொல் என்று எலோயிசா கேட்டாள்.

"இங்க அவங்க காலேஜ் மாணவி, சென்யோரா. அவங்க எழுதிக் குடுக்காம நான் ஒரு வார்த்த சொல்லக் கூடாது."

"பதினேழு வயசும்மா அவளுக்கு. பல்லு புடுங்க நான் கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கூடத்துல முதலை பாக்கக் கூட்டிட்டுப் போனாங்க, அதுக்கும் நான்தான் போட்டேன். இதுக்கு மட்டும் நான் யாரோவா?"

மார்லேனுக்குக் கண் கலங்கியது. சட்டம் கலங்குமா? அவள் வாயைத் திறக்காமல் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினாள். எலோயிசா எழுத்துக்கூட்டிப் படித்தாள். பாடத்தை விட விரும்பும் பள்ளி மாணவர்கள் படிவம் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. கொடுத்தவர்கள் பள்ளியிலேயே சாதாரண ஆங்கில வகுப்பில் சேர்ந்து மே மாதம் பட்டம் வாங்கலாம். வெள்ளிக்கிழமை போய் மூன்று நாளாகிவிட்டது. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது பிரிசா சமையலறையில் இருந்தாள். எலோயிசா பையை மேசைமேல் வைத்தாள். மகள் தன் பெயரைப் பார்த்தாள், அழவில்லை. முதல் கட்டுரைக்கு நாற்பத்தொன்று, இரண்டாவதற்கு முப்பத்தெட்டு என்றாள். தொண்ணூறுக்குக் கீழே பார்த்தறியாத பிள்ளை. அந்த வகுப்பில் மறுபடி தலைகாட்ட முடியவில்லையாம். பஸ் போகிற நேரத்தில் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்திருப்பாளாம். வரவில்லையே என்று கல்லூரியில் ஒருவரும் கேட்கவில்லையாம்.

"அப்ப விட்டிருக்க வேண்டியதுதானே? ஒரு காகிதம் குடுத்தா முடிஞ்சிருக்குமே" என்றாள் எலோயிசா. அப்படிச் சொல்கிற தன் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது.

பிரிசா புத்தகப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். நாலாக மடித்து மடித்து நைந்துபோயிருந்தது. மாணவி கையெழுத்து, மார்ச் இருபத்தாறு. பள்ளி ஆலோசகர் சல்தீவார் கையெழுத்து, அதே தேதி. கீழே பெற்றோர் என்று போட்டிருந்த இடம் காலியாக இருந்தது.

"மூணு வாட்டி உங்கிட்ட எடுத்துட்டு வந்தேம்மா."

"ஏன் குடுக்கல?"

"மூணு வாட்டியும் நீ அந்தப் பலகையத் தொடச்சிட்டு இருந்த."

எலோயிசா எழுந்துபோய் இழுப்பறையில் பேனா தேடினாள். காலியாக இருந்த இடத்தில் தன் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினாள்.

"இனிமே எதுக்கும்மா? வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுபோச்சே."

"தேதி என்ன?"

பிரிசா சொன்னாள். எலோயிசா அந்தத் திங்கட்கிழமைத் தேதியையே போட்டாள். பிறகு அந்தக் காகிதத்தை என்ன செய்வதென்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.