துருக்கி வளையைப் பின்னியது யார் கை?

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பொறுமையின் சிகரம் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அம்மாவுக்கு அவ்வளவு பொறுமையெல்லாம் கிடையாது. வாயை மூடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அம்மா பிறந்தது அச்சரப்பாக்கத்தில். பக்கத்து வீட்டில் பனையோலைப் பாய் முடைவார்கள், விளையாட்டாகவே கற்றுக்கொண்டார். செங்கல்பட்டில் நகைப்பட்டறை வைத்திருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் இருக்கும். சதுரங்கப்பட்டினத்து சாயபு வீட்டம்மா ஒரு வளையைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். அவர் கணவர் ஹஜ்ஜுக்குப் போனபோது ஒரு துருக்கி வியாபாரியிடம் வாங்கியது. சொக்கத் தங்கத்தை முடிபோல இழுத்து, பற்றவைக்காமல், துணிபோலப் பின்னியிருந்தார்கள். அப்பா இரண்டு நாள் திணறினார். அம்மா அறுந்த முனையை விரலால் நெருடிப் பார்த்தார்.

"இன்னாங்க, இது பாய் முடையறாப்பலதான் கீது. இப்படிக் குடுங்க."

அன்று முதல் எங்கள் பட்டறையிலும் துருக்கி வளைதான்; கம்பி இழுத்தது அப்பா, பின்னியதெல்லாம் அம்மா. மாமல்லபுரம் வரைக்கும் பேர் போனது. யார் பேர்? அப்பா பேர். ஆள் வந்தால் அம்மா பின்னலை முறத்தால் மூடிவிட்டு உள்ளே போய்விட வேண்டும். "பொம்பள பின்னதுன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்?" என்பார் அப்பா.

அம்மா தனக்கென்று கேட்டது ஒரே ஒரு வளை. ஆறு வருடம் கெஞ்சி, அப்பா தங்கம் கொடுத்து, ஆசை ஆசையாகப் பின்னி முடித்தார். கொக்கி வைத்த அன்றே அத்தை வந்தார். "அண்ணே, இது எனக்கு" என்று மாட்டிக்கொண்டு போனார். அப்பா தங்கைக்குக் குறுக்கே பேசவில்லை. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்.

கடைசியில் கண் மங்கி, காய்ச்சலில் படுத்தார். பதினோராம் நாள் போய்விட்டார். குளிப்பாட்டும்போது அம்மாவின் வெறுங்கையைப் பார்த்து, அதே வளையைப் போட்டிருந்த அத்தை எல்லார் எதிரிலும் சொன்னார்:

"எங்கண்ணன் ஊருக்கெல்லாம் பின்னிக் குடுத்தாரு, பொண்டாட்டிக்கு ஒண்ணு பின்னாமயா வுட்டாரு? பொண்ணுதான் எடுத்துக்கினா போலகீது."

அடப்பாவமே! கம்பி கீறிக் கீறித் தழும்பேறிய அந்த விரல் நுனிகள் ஒருவர் கண்ணிலும் படவில்லையா? அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் திருடி ஆனேன்.

போன மாதம் அத்தை தனியாக என் வீட்டுக்கு வந்தார். வளையில் இரண்டு இழை அறுந்திருந்தது. "அண்ணனுக்கு இது வராதுடி. உங்கம்மா உனக்குச் சொல்லிக் குடுத்திருப்பாளே" என்றார், மெதுவாக.

"எனக்கு வராது அத்தை" என்று அனுப்பிவிட்டேன்.

காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்த எதிர்வீட்டு அக்காவுக்கும், பஸ் பிடித்து வந்து அம்மாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டு அழுத சாயபு வீட்டம்மாவுக்கும் என் நன்றி. அத்தைக்கும் ஒரு நன்றி. பின்னியது அம்மாதான் என்று உங்கள் வாயாலேயே சொன்னீர்கள்.

எனக்குப் பின்ன வரும், அத்தை.

அன்புடன்,
மகள்