நினைவுமலருக்கு இரண்டு பக்கம்

கடிதம் எழுதச் சொன்னாலே காய்ச்சல் வருகிற மனிதர் றெனோல்ட். மட்டக்களப்பு ஆள், மொன்றியல் பக்கம் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பத்தொன்பது வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவரிடம் போய் இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்றால்? ஆனால் கேட்டது மனோகரி. செத்துப்போனது அவளுடைய புருசன் கிருபானந்தன், றெனோல்டின் உயிர்ச் சிநேகிதர். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்க நினைவுமலர் அடிக்கிறார்கள்.

"கடலுக்குப் போய் வந்த கதையளை நீங்கள்தான் அண்ணை எழுதவேணும். உங்களைத் தவிர ஆருக்குத் தெரியும்?" என்று அழுதாள். எப்படி மறுப்பது?

கதைக்கா பஞ்சம்! பன்னிரண்டு கோடை. மொன்றியலிலிருந்து எல்லை தாண்டி, ஐந்து மணித்தியாலம் ஓடி, அமெரிக்கக் கரையில் ஒரு சின்னத் துறைமுகத்துக்கு இரண்டு பேரும் போவார்கள். டிக்கெட் எடுத்தால் ஐம்பது பேரோடு நடுக்கடலுக்குக் கொண்டுபோகிற மீன்பிடிப் படகு. தூண்டிலும் அவர்களே தருவார்கள். நிற்கிற இடத்துக்கு நம்பரும் உண்டு.

திரும்பும்போது படகு வேலையாள் எல்லாருடைய மீனையும் சதை மட்டும் சீவிப் பையில் போட்டுவிட்டு, தலையையும் முள்ளையும் கடலில் எறிவான். கிருபானந்தனுக்கு வயிறு பற்றி எரியும். "அட பாவி, குழம்பெல்லே கடலுக்குப் போகுது!" மொன்றியலில் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி தூக்குகிறவர், அந்தச் சந்தைப் பிரெஞ்சில் "மெர்சி, மெர்சி" என்றபடி ஐம்பது பேரின் மீன்தலையையும் வாளியில் வாங்குவார். நாய்க்கா என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டார். "ஓம், ரெண்டு கால் நாய்" என்று தமிழிலேயே சொல்லித் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார் கிருபானந்தன். றெனோல்ட் சிரித்துச் சிரித்துப் படகு விளிம்பில் குனிந்து சத்தியே எடுத்துவிட்டார்.

இவ்வளவும் ஒன்றரைப் பக்கம். கடைசிப் பயணத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

ஊருக்கெல்லாம் றெனோல்ட் சொன்னது ஒரே கதை: நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், விழுந்ததோடு நினைவில்லை, ஒரு சொல் கதைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. படகில் வேறு தமிழர் இல்லாததால் மறைந்தும் போனது.

உண்மையில் கிருபானந்தன் விழவேயில்லை. வியர்த்துக் கொட்ட, படகின் நீள வாங்கில் உட்கார்ந்து சாய்ந்திருந்தார். கப்டன் படகைத் திருப்பினார். கரைக்கு ஒன்றரை மணித்தியாலம். மீன்கையோடு தொடக்கூடாதென்று அவருடைய போனை றெனோல்ட்தான் சட்டைப்பையில் வைத்திருந்தார். கரை தெரியத் தொடங்க, போன் வேலை செய்தது.

"போனைத் தா மச்சான். மனோகரியோடை ஒருக்காக் கதைக்கோணும்."

"கரைக்குப் போய்ப் பேந்து கதை. இந்தக் குரலைக் கேட்டா அவ பயந்திடுவா."

மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அதே பதில். நான்காம் தரம் கேட்க ஆள் இல்லை.

நம்முடைய சனத்தின் வழக்கம் அப்படி. கெட்ட செய்தியைப் போட்டுடைக்கிறவன் ஈரமில்லாதவன். முதலில் சுகமில்லை என்பார்கள், பிறகு கொஞ்சம் கடுமை என்பார்கள், வீட்டில் நாலுபேர் கூடின பிறகுதான் ஆள் போய்விட்டார் என்பார்கள். றெனோல்டின் தகப்பன் செத்த செய்தியும் இப்படித்தான் மூன்று தவணையில் மொன்றியல் வந்து சேர்ந்தது. அன்றைக்கும், கிருபானந்தனின் உயிர் போய் ஒரு மணித்தியாலம் கழித்து அவர் மனோகரியை அழைத்து, "கடல் ஒத்துக்கொள்ளேல்லை, சத்தி எடுத்தவர், பயப்பிடாதேங்கோ" என்றார். அவளும் நம்பி, தலைக்குழம்புக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நல்ல மனதோடு செய்ததுதான். நல்ல மனதாம், மண்ணாங்கட்டி!

ஞாயிற்றுக்கிழமை தாள்களைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தார். இரண்டு கால் நாய் வந்த இடத்தில் மனோகரி சிரித்தாள். செத்தவீட்டுக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்தரம். கடைசி வரியில் நின்றாள். "கடவுள் அவரை நோவில்லாமல் எடுத்துக்கொண்டார்."

"நோவில்லாமலோ அண்ணை?"

"ஓம்."

"அண்டைக்கு வெளிக்கிடேக்குள்ள நான் ஏசிப்போட்டன். சொந்தத்தில கலியாணவீடு கிடக்கக் கடலுக்குப் போறியளோ, அங்கையே கிடவுங்கோ எண்டு கதவை அடிச்சுச் சாத்தினனான். அந்தக் கோவத்தோடையே போட்டார், என்ன? என்ரை பேரைக்கூடச் சொல்லேல்லை."

றெனோல்ட் தான் எழுதிய வரியையே பார்த்தார். வாயைத் திறந்தால் தன் தலை போகும். மூடிக்கொண்டால் இவள் சாகுமட்டும் அந்தக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டே இருப்பாள். ஐயோ, யாருக்காக இந்தப் பொய்? அவளுக்காக என்றுதான் இவ்வளவு நாளும் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

"கேட்டவர், தங்கச்சி" என்றார். "உங்களோடை கதைக்கவேணும் எண்டு மூண்டு தரம் கேட்டவர். நினைவோடைதான் இருந்தவர். போன் என்ரை பொக்கெற்றில. நான்தான் குடுக்கேல்லை."

மனோகரி அழவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"என்ன கதைக்கவாம்?"

"தெரியாது. நான் கேக்கேல்லை."

அவள் எழும்பிக் குசினிக்குள் போனாள். நெடுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் பேனா. அந்தக் கடைசி வரியைத் தாள் கிழியுமட்டும் வெட்டினாள்.

"இதிலை எழுதுங்கோ. கேட்டவர் எண்டு எழுதுங்கோ. ஆர் குடுக்கேல்லை எண்டும் உங்கடை பேரைப் போட்டு எழுதுங்கோ."

"சனமெல்லாம் வாசிக்கும் தங்கச்சி."

"வாசிக்கட்டும். அவர் என்னைக் கேட்டவர் எண்டதையும் வாசிக்கட்டும்."

றெனோல்ட் எழுதினார். எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டின. மனோகரி தாளை வாங்கிப் பார்த்தாள்.

"விளங்கேல்லை" என்று வேறொரு தாளை அவர் முன்னால் வைத்தாள். "வடிவா எழுதுங்கோ."