பாவாடையோடு வந்த ரோஜா

"அய்யோ, பேஜாரு! சுடிதாரோட சேர்த்துத் தச்சிட்டேன்ப்பா!" தோழிக்காகக் கைக்குட்டையில் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்த மகள் எழுந்தபோது, எம்பிராய்டரி வளையமும் மடியோடு எழுந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது, திண்டிவனத்தில் சித்தியும் இப்படித்தான் எழுந்தாள். இரண்டு வரன்கள் தட்டிப்போன பிறகு கோலியனூரிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். பதற்றம் தணிய உள்ளே ரோஜா தைத்துக்கொண்டிருந்தவள், கூப்பிட்டதும் பாவாடையில் கைக்குட்டை தொங்கக் கூடத்துக்கு வந்துவிட்டாள். பஜ்ஜி மென்ற வாய்களெல்லாம் நின்றன. நான் சிரிக்காமலிருக்க அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மாப்பிள்ளைதான் சிரித்தார்.

"பிரிச்சிடாதீங்க. பூவோடவே கூட்டிக்கினு போறேன்."

மகளைப் படமெடுத்துச் சித்திக்கு அனுப்பினேன். பதிலுக்கும் ஒரு படம் வந்தது. சித்தப்பாவின் உள்ளங்கையில் அந்த ரோஜா; அதன் அடியில், கத்தரித்தெடுத்த பச்சைப் பாவாடைத் துணி.