டீசன்டான குடும்பம்

பெரம்பலூரில் வாடகைக்கு வீடு விடுகிறவர்களுக்கெல்லாம் ஒரே நிபந்தனைதான். குடும்பம் டீசன்டாக இருக்க வேண்டும். எனக்கு அங்கே மாற்றலாகியிருந்தது. மகளையும் அங்கேயே ஐந்தாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். தினமும் அரியலூரிலிருந்து பஸ். பாதி வழியில் வாந்தி எடுத்துவிடுவாள். அவளுக்காகவாவது சீக்கிரம் ஒரு வீடு கிடைக்க வேண்டியிருந்தது.

முதல் வீட்டில் டீசன்ட் என்றால் கறி மீன் சமைக்காதவர்கள். இரண்டாவது வீட்டில், சொந்தக்காரர்கள் வந்து தங்காதவர்கள். எங்கள் சொந்தம் ஒரு வேனுக்குள் அடங்காது.

"கருவாட்டக்கூட விட்டுரலாம், உங்க அக்காவ எங்க விடுறது?" என்றாள் மனைவி.

மூன்றாவது வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவிலேயே இருந்தது. மகளையும் கூட்டிப் போயிருந்தேன். ஓனர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகளைப் பார்த்ததும் ஃபேன் போட்டார், பிஸ்கட் கொடுத்தார். கறி சமைக்கலாம், சொந்தம் வரலாம் என்றார்.

"டீசன்டான ஆளுங்களா இருந்தாப் போதுங்க. சொந்த ஊரு எது?"

"ஜெயங்கொண்டம் பக்கங்க."

"ஊர்ல எந்தத் தெரு?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி ஆசை வந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"காலனித் தெருங்க" என்றேன்.

"அப்படிங்களா, சந்தோசம். தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போன் பண்றேன்" என்றார். என் நம்பரை வாங்கவில்லை. மகள் கையில் இன்னும் இரண்டு பிஸ்கட் வைத்தார். கேட் வரை வந்து வழியனுப்பினார். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் வெளியே அனுப்பியதில்லை.

அந்த வாரம் மகளுக்கு இங்கிலீஷ் வீட்டுப்பாடம். ஏதாவது ஒரு சொல்லை எடுத்து, அதன் பொருள்களை எழுதி, ஒரு வாக்கியமும் அமைக்க வேண்டும். வீடு வீடாக நான் கேட்ட சொல்லையே எடுத்திருந்தாள். நல்ல, நாகரிகமான, கண்ணியமான, அன்பான என்று பொருள் எழுதியிருந்தாள். வாக்கியம், பிஸ்கட் கொடுத்த அங்கிள் ரொம்ப டீசன்டானவர் என்பது. மிஸ் டிக் போட்டிருந்தார். அப்பாவின் கையெழுத்தும் வேண்டுமாம்.

காலை பஸ்ஸில், எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே நோட்டை நீட்டினாள். தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

"அந்த வூட்டுக்கு எப்பப்பா போவோம்?"

"அவர் போன் பண்ணட்டும்" என்றேன்.